தண்ணீருக்குள் என் விஸார்டுக்கு மட்டும் வாயடைத்த கதை

போன ஞாயிறு எங்கள் டி அண்ட் டி மேசையில், ஆளுக்கொரு கேரக்டராகி டைஸ் உருட்டிக் கதை நடத்தும் அந்த விளையாட்டில், நடந்ததைக் குழுவில் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. "வாய்க்குள்ள தண்ணி போகும், மந்திரம் சொல்லேலாது." கதையை நடத்தித் தீர்ப்புச் சொல்லும் டிஎம்மின் அந்த ஒரு வசனத்தோடு, ஆக்டோபஸின் பிடியில் மூன்றே சுற்றில் என் ஆள், மந்திரம் போடும் விஸார்ட், முடிந்தாள். ஒன்றரை வருடம் வளர்த்த கேரக்டர்.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். அப்படி ஒரு சட்டம் வைத்திருந்தால் படகில் ஏற முதல் சொல்லுங்கள். மூழ்கின பிறகு சொல்லாதீர்கள்.

நாம் விளையாடுவது டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பு, 2014 புத்தகம். அதில் தண்ணீருக்குள் மந்திரம் சொல்ல முடியாது என்று ஒரு வரி கிடையாது. தடுக்க நினைத்த இடத்தில் தெளிவாகத் தடுத்திருக்கிறார்கள். வாயைக் கட்டினால் முடியாது, சத்தத்தை அடக்கும் சைலன்ஸ் என்ற ஸ்பெல்லுக்குள் (மந்திரத்துக்குள்) நின்றால் முடியாது. முழுக்கத் தண்ணீரில் இருப்பவருக்கு நெருப்புச் சேதம் பாதிதான் என்றுகூட எழுதினவர்கள், விஸார்டின் வாயை மட்டும் மறந்துவிட்டார்களா? என் ஆளுக்குக் கொன்ஸ்டிடியூஷன், அதாவது உடம்பின் தாங்கும் சக்தி, 14. கணக்குப்படி 3 நிமிடம் மூச்சுப் பிடிப்பாள். ஒரு சுற்று 6 வினாடி என்றால் 30 சுற்று. எனக்குக் கிடைத்தது மூன்று.

"கொஞ்சம் நிஜம் மாதிரி இருக்க வேணும் தங்கச்சி" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். நல்லது அண்ணா. அதே தண்ணீருக்குள் நீங்கள் நீளவாளைச் சுழற்றினீர்களே? குத்துவாள், ஈட்டி, சூலம் போன்ற சிலதைத் தவிர வேறு எதை வீசினாலும் இரண்டு டைஸ் உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும், நீந்தும் வேகம் உள்ளவரைத் தவிர. நீங்கள் உருட்டியது ஒரே ஒரு டைஸ். அப்போது யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோர் வாய்க்குள்ளும் தண்ணீர் போயிருக்கும் போல.

டிஎம் சொல்வதுதான் முடிவு என்பார்கள். தெரியும். நானும் மேசையில் சண்டை பிடிக்கவில்லை, தாளை மடித்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன். ஆனால் கஷ்டப்படுத்துவது வேறு, வழியை அடைப்பது வேறு. பழைய 3.5 பதிப்பில் தண்ணீரில் மூச்சுவிட முடியாதவர் ஸ்பெல் போட வேண்டுமென்றால் கொன்சன்ட்ரேஷனுக்கு டைஸ் உருட்டி, 15 உடன் ஸ்பெல்லின் லெவலைக் கூட்டின எண்ணைத் தொட வேண்டும். இதே மாதிரி இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பில் வாய் திறந்தால் மிச்ச மூச்சு முழுக்கப் போய்விடும், ஆனாலும் பேசலாம். இப்படி ஏதாவது ஒரு விலை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். தோற்றிருந்தால் சிரித்துக்கொண்டே செத்திருப்பேன்.

அதுவும் எந்த ஊரில் இருந்துகொண்டு இந்தச் சட்டம்? மீனே பாடுகிற மட்டக்களப்பில்! சின்ன வயதில் பௌர்ணமி இரவொன்றில் அம்மப்பா என்னைத் தோணியில் கல்லடிப் பாலத்தடிக்குக் கூட்டிப் போனார். துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுமுனையில் என் காதை வைக்கச் சொன்னார். யாரோ அடித்தொண்டையில் முனகுகிற மாதிரி ஒரு சத்தம். "கேக்குதா புள்ள?" என்று அவர் கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. காற்றில் போவதைவிடத் தண்ணீரில் சத்தம் நாலு மடங்குக்கும் மேல் வேகமாகப் போகும். மந்திரம் போட்டுப் பாயோடு ஒட்ட வைப்பார்கள் என்று வெளியூரார் பயப்படுகிற மண்ணில், ஒரு விஸார்ட் ஒரு மந்திரம் சொல்லி முப்பது அடி தள்ளித் தோன்ற வழியில்லாமல் செத்தாள்.

சத்தம் போவது வேறு, திருத்தமாக உச்சரிப்பது வேறு என்றும் ஒருவர் எழுதினார். சரி, அது நியாயம்தான். நானும் ஆற்றில் தலையை முக்கிக் கத்திப் பார்த்திருக்கிறேன், "அம்மா" என்றால் "ங்ம்மா" என்றுதான் வரும். அதற்குத்தானே டைஸ் வைத்திருக்கிறோம்?

இவ்வளவும் எழுத வைத்தது அந்தத் தீர்ப்புக்கூட இல்லை. மறுநாள் குழுவில் வந்த குரல் பதிவு. "தண்ணிக்குள்ள மாட்டினா எப்பிடி இருக்கும் எண்டு உனக்குத் தெரியாது, அதான் சட்டம் பேசுறாய்." கீழே ஏழு சிரிப்புப் பொம்மை.

நான் நாவலடிப் பிள்ளை. 2004 டிசம்பர் 26 காலையில் எனக்கு ஏழு வயது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் எங்கள் வீடு. வாய்க்குள் தண்ணீர் போனால் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் குரல் பதிவு போட்டுச் சொல்லித் தர வேண்டாம். மூன்றாம் லெவலில் எதை எடுக்கலாம் என்று எல்லோரும் யோசித்தபோது நான் யோசிக்காமல் மிஸ்டி ஸ்டெப் என்ற ஸ்பெல்லை எடுத்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், கையும் வேண்டாம், பொருளும் வேண்டாம், கண்ணுக்குத் தெரிகிற கரையில் நிற்கலாம். அதைச் சண்டைக்காக எடுத்தேன் என்றா நினைத்தீர்கள்?

வருகிற ஞாயிறு புதுக் கேரக்டரோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். தாள் எழுதிவிட்டேன். டிரைட்டன் இனம். தண்ணீருக்குள்ளேயே மூச்சு விடுவாள், நீந்தும் வேகம் 30 அடி. மறுபடியும் விஸார்ட்தான்.