கிளினிக் தொறக்க உதவுறோம்னு காசு வாங்குறவங்க ஒருக்கா மலைக்கு ஏறி வந்து பாருங்க

வயிறு எரியுது, அதான் எழுதுறேன். தங்கச்சி கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில டாக்டர், டியூட்டி முடிஞ்சு சாயந்தரத்துல ஹட்டன் பக்கம் ஒரு சின்ன டிஸ்பென்சரி போடணும்னு அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. எங்க தேயிலை தோட்டத்துல ராத்திரி ஒரு பிள்ளைக்கு காய்ச்சல் அடிச்சா ஆட்டோ தேடி அந்த குழி ரோட்டுல டவுனுக்கு இறங்கணும், அதை பாத்து வளந்தவ அவ. எல்லாத்தையும் முறையா செய்வோம்னு கொழும்புல ஒரு கன்சல்டன்ட்டுக்கு அட்வான்ஸ் கட்டினோம்.

அந்த மனுசன் முதல்ல கேட்டது என்ன தெரியுமா, ஸ்கேன் மெசின் எந்த பிராண்ட் வேணும், லீசிங் ஏற்பாடு பண்ணித் தரவான்னு. கொழுந்து பறிக்கிற சனத்துக்கு காய்ச்சல், பிரஷர், சீனி பாக்குற இடத்துக்கு எதுக்குய்யா ஸ்கேன் மெசின்? அதை வித்தா அவருக்கு கமிசன், அவ்வளவுதான்.

கேக்க வேண்டியதை ஒன்னையும் கேக்கல. டிஸ்பென்சரிக்கு வாடகைக்கு பாத்த கடைக்கு பின்னால மண்மேடு, அங்க ஒரு ரூம் இழுத்து கட்டணும்னு பிளான் போட்டு தந்தாரு, நுவரெலியா மாவட்டத்துல கட்டடம் கட்ட முன்னாடி மண்சரிவு அபாயம் பத்தி என்பிஆர்ஓ (தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்) அனுமதி எடுக்கணும்ங்குற பேச்சே அவர் வாயில வரல. 2014ல பதுளை மாவட்டத்து மீரியபெத்த தோட்டத்துல மண் சரிஞ்சு லயத்தோட, அதான் தோட்ட சனம் இருக்குற வரிசை வீடுகளோட, சனம் மண்ணுக்குள்ள போனதை மறந்துட்டு எங்களால மண்மேட்டுல கை வைக்க ஏலுமா? பிரதேச சபையில ஒரு தம்பி சொல்லித்தான் எங்களுக்கே அது தெரியும், அந்த தம்பி ஒரு ரூபா வாங்கல.

அடுத்தது பதிவு. 2006ம் வருசத்து 21ம் இலக்க சட்டப்படி தனியார் மருத்துவ நிறுவனம் எல்லாம் பதிவு பண்ணணும், சின்ன டிஸ்பென்சரியும் அதுல அடங்கும், வருசா வருசம் புதுப்பிக்கணும். முழுநேரம் வேற, பகுதிநேரம் வேற. அரசாங்க வேலையில இருக்குற பிள்ளைக்கு இவர் முழுநேரம்னு ஃபோர்ம் நிரப்பி சைன் பண்ண அனுப்புறாரு! தங்கச்சி வாசிச்சு பாத்ததால தப்பிச்சோம், இல்லன்னா அவ வேலைக்கே விசாரணை வந்திருக்கும். ஃபோன் எடுத்து கேட்டா "டெம்ப்ளேட் அப்படித்தான் மிஸ்" ங்குறாரு, வேற யாருக்கோ செஞ்ச ஃபோர்ம்ல பேரை மட்டும் மாத்திட்டு எங்க கிட்ட முழு பீஸ் வாங்குறது எந்த ஊர் நியாயம்.

ஊசி கழிவு பத்தி கேட்டேன். தொற்றுக் கழிவுக்கு மஞ்ச, ஊசி பிளேடுக்கு மஞ்சள்ல சிவப்பு கோடு போட்ட டப்பான்னு தங்கச்சிக்கு தெரியும், டப்பா நிறைஞ்ச பிறகு அதை யார் வந்து எடுப்பாங்க, எங்க கொண்டு போவாங்க, ஒப்பந்தம் யாரோட போடணும்? அதுக்கு அவர் சொன்ன பதில், "பின்னால ஒரு குழி வெட்டி எரிச்சிடுங்க." பின்னால லயம் இருக்குய்யா, பிள்ளைங்க வெறுங்காலோட ஓடுற இடம், கீழ பீலித் தண்ணி, மலையில இருந்து வடிஞ்சு வர்ற ஊத்துத் தண்ணி. இதை சொல்றதுக்கா காசு?

லோயர் கதை தனி. வாடகை ஒப்பந்தத்தை முழுசா சிங்களத்துல எழுதி நீட்டி இங்க இங்க சைன் பண்ணுங்கன்னா என்ன அர்த்தம், நொத்தாரிஸ்னா, அதான் பத்திரத்தை உறுதிப்படுத்துற லோயர்னா, சைன் பண்றவருக்கு வாசிக்க ஏலாட்டி வாசிச்சு விளங்கப்படுத்தணும், அது சட்டம். தமிழும் அரச கரும மொழின்னு 1987லயே 13வது திருத்தத்துல போட்டாச்சு. தமிழ்ல ஒரு பிரதி தாங்கன்னு கேட்டா "அதுக்கு எக்ஸ்ட்ரா" ங்குறாங்க.

இதுக்கெல்லாம் மேல ஃபேஸ்புக் பேக்கேஜ். தங்கச்சி போட்டோவை போட்டு "மலையகத்தின் சிறந்த டாக்டர்"னு பூஸ்ட் பண்றாராம். டாக்டர்மார் தங்களை விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு மெடிக்கல் கவுன்சில் ஒழுக்க விதி இருக்குறது டாக்டர்மாருக்கு ஆலோசனை சொல்றவருக்கு தெரியாதா?

காசு குடுக்க நாங்க பின்வாங்கல. எது முதல்ல எது பிறகுன்னு ஒரு தாள்ல எழுதித் தாங்க, இடத்தை வந்து பாருங்க, தெரியாததை தெரியாதுன்னு சொல்லுங்க, இது போதும். மிச்ச காசை நான் கட்டல, அட்வான்ஸை திருப்பி கேட்டு எழுத்துல கடிதம் போட்டாச்சு, தரலன்னா நுகர்வோர் அதிகாரசபைக்கு போறேன். தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவ பக்கம் டிஸ்பென்சரி நடத்துற டாக்டர்மார் யாராவது இருந்தா ஊசி கழிவை யாருக்கு குடுக்குறீங்கன்னு மட்டும் தயவுசெய்து சொல்லுங்க.