தடயவியல் படிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு

"தடயவியல் வேலைக்குப் போக ஆசை. எப்படித் தயாராவது?" இந்தக் கேள்வி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதிவிடுகிறேன்.

எந்தப் பட்டம் என்பதற்கு என் பதில் சின்னது. வேதியியலோ உயிரியலோ, ஏதாவது ஒரு அடிப்படை அறிவியலை ஆழமாகப் படியுங்கள். தடயவியலை முதுகலையில் எடுத்துக்கொள்ளலாம். கருவியை இயக்க எவருக்கும் சில வாரங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஆனால் அது வரைந்து தரும் வரைபடத்தில் ஒரு முகடு ஏன் அந்த இடத்தில் வந்தது என்று நீதிமன்றத்தில் விளக்க, உள்ளே வேதியியல் இருக்க வேண்டும்.

ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது பட்டத்தைப் பற்றி அல்ல, எழுதும் பழக்கத்தைப் பற்றி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பொட்டலத்தைப் பரிசோதித்தேன். முடிவில் சந்தேகமே இல்லை. குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உங்கள் கைக்கு வந்தபோது அரக்கு முத்திரை உடையாமல் இருந்ததா?" என்றார். இருந்தது என்றேன். "எங்கே எழுதியிருக்கிறீர்கள்?" குறிப்பேட்டைப் புரட்டினேன். எழுதவில்லை. இரண்டு நாள் வேலை அந்த ஒரு வரி இல்லாததால் வலுவிழந்தது.

அதனால் கல்லூரி ஆய்வகத்திலேயே பழகுங்கள். பேனாவால் எழுதுங்கள். தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இடுங்கள். அடித்தது கீழே படிக்கத் தெரிய வேண்டும். "பிறகு எழுதிக்கொள்ளலாம்" என்று துண்டுத் தாளில் குறிக்காதீர்கள்.

பயன்படுத்தும் பொருளையே சந்தேகிக்கவும் பழகுங்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று பல குற்ற இடங்களில் ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்துக்கொண்டிருந்தது. ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் 2007இல் ஒரு பெண் காவலர் கொல்லப்பட்ட இடத்திலும் அதே டி.என்.ஏ. பல வருடம் தேடினார்கள். 2009இல்தான் தெரிந்தது, அது மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைக் கையாண்ட ஒரு தொழிலாளியுடையது என்று. குச்சிகளில் கிருமி இல்லை, டி.என்.ஏ. இருந்தது. பயன்படுத்தாத வெறும் குச்சி ஒன்றையும் சேர்த்துப் பரிசோதிப்பது ஏன் என்று இனி எந்த மாணவரும் கேட்க மாட்டார் என நினைக்கிறேன்.

புள்ளியியலைத் தயவுசெய்து ஒதுக்காதீர்கள். ஒரு டி.என்.ஏ. அமைப்பு பத்து லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். உடனே "இவர் குற்றமற்றவராக இருக்க பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதான்" என்று சொல்லிவிடுகிறார்கள். தவறு. ஒரு கோடிப் பேர் வாழும் ஊரில் சுமார் பத்துப் பேருக்கு அதே அமைப்பு இருக்கலாம். மற்ற சாட்சியங்கள் இல்லாமல் அந்தப் பத்தில் யார் என்று டி.என்.ஏ. சொல்லாது. இந்த ஒரு குழப்பத்தால் மனிதர்கள் சிறையில் இருந்திருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அனுபவசாலிகளும் தவறுவார்கள். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு விரல்ரேகையை, அமெரிக்காவில் இருந்த ஒரு வழக்கறிஞருடையது என்று எஃப்.பி.ஐ. உறுதியாகச் சொன்னது. ஒன்றுக்கு மேற்பட்ட நிபுணர்கள் ஒத்துக்கொண்டார்கள். அவரைப் பிடித்து வைத்தார்கள். கடைசியில் ஸ்பெயின் காவல்துறை அந்த ரேகைக்கு உரியவர் வேறொருவர் என்று கண்டுபிடித்தது. சந்தேக நபரின் ரேகையைப் பார்த்துவிட்டு, அதில் உள்ளதைத் தடயமாகக் கிடைத்த மங்கலான ரேகையில் தேடியதும் தவறுக்கு ஒரு காரணம் என்று பின்னால் நடந்த விசாரணை சொன்னது. முதலில் மங்கலான ரேகையை மட்டும் பார்த்து, தெரிவதை எழுதி மூடிவிடுங்கள். அப்புறம் மற்றதைத் திறங்கள். "இதை வைத்து முடிவு சொல்ல இயலாது" என்பதும் முறையான அறிக்கைதான். அதை எழுதத் தயங்காதீர்கள், யார் அவசரப்படுத்தினாலும் சரி.

கடைசியாக, மனசு. ஒரு நாள் மேசையில் ஒரு குழந்தையின் சட்டை வரும். என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் அகலமாக இருந்தது, எனக்கு வந்த முதல் சட்டை. அன்றும் கறையின் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் அளந்து எழுத வேண்டும். எழுதினேன். அன்று மாலை யாரிடம் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் அந்த ஆளை இப்போதே யோசித்து வையுங்கள்.