வாள் தகரமாக இருந்தால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை மலையகத்து ஹட்டனில், பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் ஒரு பழைய ஆங்கில வாள் படத்தைப் போட்ட கூட்டத்தில் நடந்ததைப் பற்றி மூன்று நாளாக எதுவும் எழுதாமல் இருந்தேன். வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். “விடுங்க சேர், பெரிய மனுசங்க அப்படித்தான்” என்று இன்பாக்ஸில் ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. விட முடியவில்லை. நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் தொடங்கி அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. பிரதம விருந்தினராக வந்தவர் எழுந்து மைக்கை வாங்கினார். “இந்தத் தகர வாள் படத்தைக் காட்டத்தானா பிள்ளைகளை லீவு நாளில் கூப்பிட்டீர்கள்? விட்டலாச்சார்யா படம் மாதிரி இருக்கிறது. குப்பை” என்றார். விட்டலாச்சார்யா என்றால் குறைந்த காசில் மாயாஜாலப் படம் எடுத்தவர். அவர் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். பின்வரிசையில் இருந்து கைதட்டினார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. தட்டியவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள், லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) பிறந்து வளர்ந்தவர்கள்.

காசு இல்லாமல் எடுத்த படம் என்பது ஒரு குறை. அது குற்றம் இல்லை. இந்த ஒரு விஷயத்தைத்தான் சொல்ல வந்தேன்.

அன்று போட்டது 1982-ல் வந்த ‘தி பீஸ்ட்மாஸ்டர்’. ஆந்த்ரே நார்ட்டன் என்ற பெண் எழுத்தாளர் 1959-ல் எழுதிய நாவலில் இருந்து எடுத்தது. அதில் வரும் கறுப்புப் புலி உண்மையில் சாதாரணப் புலிதான், உடம்பெல்லாம் கறுப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள். அது திரையில் நன்றாகவே தெரிகிறது. சபையில் முதல் சிரிப்பு வந்ததும் அந்தப் புலிக்குத்தான். பிள்ளைகள் சிரித்தால் பரவாயில்லை, நானும் சிறு வயதில் சிரித்திருக்கிறேன். ஆனால் பிள்ளைகள் சிரித்துவிட்டுத் தொடர்ந்து பார்த்தார்கள். நிறுத்தச் சொன்னது பெரியவர்தான்.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது எங்கே தெரியுமா? மஸ்கெலியாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில். எண்பதுகளின் கடைசியில் ஒரு தீபாவளி. லயத்துக்குக் கரண்ட் வராத காலம். அட்வான்ஸ் காசில் வீட்டுக்குப் பத்து ரூபாய் போட்டு, டவுனில் இருந்து டிவியும் டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து வந்தார்கள். முதலில் எம்.ஜி.ஆர். படம். அப்புறம் விட்டலாச்சார்யாவின் ‘ஜெகன்மோகினி’. மூன்றாவது கசெட் தவறுதலாக வந்துவிட்டது, ஆங்கிலப் படம். ஒருவருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை. ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை.

அந்தப் படத்தில் ஒரு சூனியக்காரி, அரசியின் வயிற்றில் இருக்கும் குழந்தையை மந்திரத்தால் ஒரு மாட்டின் வயிற்றுக்கு மாற்றுவாள். நாங்கள் பொடியன்கள் வாயைப் பிளந்துகொண்டிருந்தோம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் அப்பாயி, இடிப்பதை நிறுத்தாமலே சொன்னார்: “நம்ம பலராமர் கதைதான்டா. தேவகி வயித்துல இருந்து ரோகிணி வயித்துக்கு மாத்துனாங்கல்ல.” அவ்வளவுதான், படம் முழுக்க எங்களுக்கு விளங்கிவிட்டது. பருந்தோடு பேசுகிறவன் யார், பூசாரி யார், எல்லாவற்றுக்கும் அப்பாயியிடம் பதில் இருந்தது. அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாயம் பூசிய புலியும் அவர் கண்ணில் படாமல் இருந்திருக்காது. அவர் கதையைப் பார்த்தார்.

இதைத்தான் அன்று மேடையில் சொல்ல வைத்திருந்தேன். பேச விடவில்லை.

“அப்படியென்றால் மலிவாக எடுத்த எல்லாப் படமும் நல்ல படமா?” என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருக்கிறார். இல்லை. நான் அப்படிச் சொல்லவே இல்லை. மோசமாக எடுத்ததைப் பற்றி நான் சொல்கிறேன், கேளுங்கள். ராபர்ட் ஜோர்டனின் ‘வீல் ஆஃப் டைம்’ நாவல் வரிசையை வைத்து 2015 பெப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அரை மணித்தியாலம் ஒன்றைப் போட்டார்கள். போட்ட நேரம் இரவு ஒன்றரை மணி. படமாக்கும் உரிமை கைவிட்டுப் போகப்போகிறது, அதைப் பிடித்து வைக்க ஏதாவது ஒன்றைக் காட்டியாக வேண்டும், அவ்வளவுதான் அதன் பின்னால் இருந்த எண்ணம். 1966-ல் டோல்கீனின் ‘ஹாபிட்’ நாவலுக்கும் இதே காரியத்தைச் செய்தார்கள், பன்னிரண்டு நிமிடக் கார்ட்டூன் ஒன்றை எடுத்து. இவற்றைக் குப்பை என்று சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். கதையை யாரும் மதிக்கவில்லை.

அதே டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையை 1991-ல் லெனின்கிராட் தொலைக்காட்சியில் எடுத்தார்கள். சோவியத் யூனியனே உடைந்துகொண்டிருந்த வருடம், கையில் என்ன இருந்திருக்கும்? மேடை நாடகத்துச் சாமான்தான். பின்னால் ஒட்டிய படமும் தனியாகத் தெரியும். ஒருமுறை ஒளிபரப்பாகிக் காணாமல் போன அதை 2021-ல் யூடியூபில் போட்டபோது லட்சக்கணக்கானோர் தேடி வந்து பார்த்தார்கள். 2009-ல் இங்கிலாந்தில் சில ரசிகர்கள், அதே கதையில் வரும் கொல்லம் என்ற பாத்திரத்தைத் தேடிப்போகும் கதையை 3,000 பவுணுக்கும் குறைந்த செலவில் எடுத்து இலவசமாக இணையத்தில் விட்டார்கள். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையை வைத்துப் பீட்டர் ஜாக்சன் எடுத்த மூன்று படங்களுக்கு ஏறக்குறைய 280 மில்லியன் டாலர் போனது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாமல் இருக்காது. ஆனால் அந்த ரசிகர்களின் படத்தில், காட்டுக்குள் தனியாக நடக்கிற ஒரு மனிதனின் களைப்பு அப்படியே இருக்கிறது. களைப்பைக் காட்டக் காசு வேண்டியதில்லை.

போலந்துக்காரர்கள் விட்சர் என்ற பூத வேட்டைக்காரனின் கதைகளை 2001-ல் படமாக்கினார்கள். தொலைக்காட்சித் தொடருக்கென்று எடுத்ததை வெட்டி ஒட்டிப் படமாக விட்டதால் கதையே பிடிபடவில்லை. டிராகனைப் பார்த்து அவர்கள் ஊரிலேயே சிரித்தார்கள். ஆனாலும் தங்கள் எழுத்தாளனின் கதையை முதலில் கையில் எடுத்தது அவர்கள்தான். உலகம் அந்தப் பக்கம் திரும்பியது அதற்கெல்லாம் பிறகு.

விட்டலாச்சார்யா பெயரை ஏசுவதற்குப் பயன்படுத்தியதும் எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே செட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு, குறைந்த காசில் படம் எடுத்து, அதில் வேலை செய்த எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்ட மனிதர். நடிகர் அதிகம் கேட்டு முரண்டு பிடித்தால் அந்தப் பாத்திரத்தைச் சாபத்தால் கிளியாக்கிவிடுவார் என்று ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ இல்லையோ, கையில் இருப்பதை வைத்துக் கதையை நடத்தத் தெரிந்தவர் என்பதுதான் அதன் அர்த்தம்.

அடுத்த கேள்வி: “அந்தப் படங்களில் அரைகுறை உடையும் ரத்தமும் இருக்கிறதே?” இருக்கிறது. அந்த இடங்களை வெட்டித்தான் போட்டேன். ‘கோர்’ நாவல்களை வைத்து 1987-ல் எடுத்த படத்தை யார் கேட்டாலும் பிள்ளைகளுக்குப் போடமாட்டேன், நாவலிலேயே பெண்களை அடிமைகளாக வைத்துத்தான் கதை. இது எனக்குத் தெரியாதது போல யாரும் பேச வேண்டாம்.

“மலையகத்தில் சம்பளப் பிரச்சினை, காணிப் பிரச்சினை. உனக்கு வாள் படம் கேட்குதா?” என்றும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, நாளுக்கு 1,000 ரூபாய்ச் சம்பளம் கேட்டு ரோட்டில் நின்ற நாட்களில் நானும் நின்றவன். என் அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தவர். பிரச்சினை தீர்ந்த பிறகுதான் கதை கேட்க வேண்டும் என்றால் எங்கள் ஆட்கள் இருநூறு வருடமாக ஒரு கதைகூடக் கேட்டிருக்கக் கூடாது. பகல் முழுக்க மலையில் நின்றுவிட்டு இரவு முழுக்கக் கூத்துப் பார்த்தவர்கள் நாங்கள்.

என் அப்பா பொன்னர் சங்கர் கூத்தில் சங்கர் வேஷம் கட்டுவார். வாள் எதில் செய்தது? தேயிலைப் பெட்டிப் பலகையில். பெட்டிக்குள்ளே விரிக்கிற ஈயத்தாளை, சுருக்கம் போகக் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்துத் தேய்த்து மேலே ஒட்டுவார். நான் பக்கத்தில் இருந்து பசைச் சட்டியைப் பிடித்திருக்கிறேன். பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் அது அப்படிப் பளபளக்கும். ஒரு வருடம் படுகளக் காட்சியில் ஈயத்தாள் நுனியில் கிழிந்து தொங்கியது, உள்ளே இருந்த பலகை தெரிந்தது. முன்வரிசையில் இருந்த பெண்கள் எல்லோருமே அதைப் பார்த்திருப்பார்கள். அண்ணன் தம்பி விழுந்ததும் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அன்று ஒருவர் எழுந்து “தகர வாள்” என்று சொல்லியிருந்தால் எங்கள் தோட்டத்தில் அவரைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

கூத்து வழிபாடு, சினிமா வியாபாரம், இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்பீர்கள். சரி, ஒப்பிடவில்லை. ஆனால் அன்று சபையில் கேட்ட சிரிப்பு எனக்குப் பழக்கமான சிரிப்பு. கல்லூரிக்குப் போன முதல் நாள் என் சப்பாத்தைப் பார்த்து வந்ததும் அதே சிரிப்புத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘பீஸ்ட்மாஸ்டர்’ படத்தில் உண்மையிலேயே ஒரு பெரிய தப்பு இருக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை. நார்ட்டனின் நாவலில் நாயகன் அமெரிக்காவின் நவாஹோ பழங்குடிக்காரன். பெயர் ஹோஸ்டீன் ஸ்டோர்ம். போரில் அவனுடைய பூமியே அழிந்துவிடுகிறது. திரும்பிப் போக மண் இல்லாதவன், ஒரு கழுகையும் ஒரு மணல்பூனையையும் இரண்டு மீர்கட்டுகளையும் (கீரி இனம்) கூட்டிக்கொண்டு வேறொரு கிரகத்துக்குப் பிழைக்கப் போகிறான். படத்தில் அவனை வெள்ளைக்காரனாக்கி, காணாமல் போன ராஜகுமாரனாக்கி, கடைசியில் அரச வம்சம் என்று முடித்துவிட்டார்கள். நார்ட்டன் தன் பெயரையே படத்தில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அர்சுலா லெ குவின் எழுதிய ‘எர்த்ஸீ’ நாவல்களுக்கும் 2004-ல் இதே கதிதான். அவருடைய மந்திரவாதி செம்பழுப்பு நிறத்தவன். தொலைக்காட்சியில் வெள்ளையனாக்கினார்கள். அவர் கோபத்தோடு கட்டுரையே எழுதினார்.

இதெல்லாம் காசு இல்லாததால் வந்த தப்பா? ஒரு கறுத்த பையனை நடிக்க வைக்க அதிகச் செலவாகுமா? எத்தனை கோடி இருந்தாலும் அந்த மனம் இருந்தால் இதைத்தான் செய்வார்கள்.

திரும்பிப் போக மண் இல்லாத ஒருவனின் கதை. 1948-ல் பிரஜாவுரிமையைப் பறிகொடுத்து, இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புகிற 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு பாதிக் குடும்பம் தலைமன்னார்க் கோச்சியில் (ரயிலில்) ஏற, பாதிக் குடும்பம் பிளாட்பாரத்தில் நின்று அழுத ஊர் இது. என் பெரியப்பா போனார், அப்பா நின்றார். அந்த நாவலை எங்கள் பிள்ளைகளைவிட யார் நன்றாகப் புரிந்துகொள்வார்கள்? படத்தைப் போட்டுவிட்டு, நாவலில் இவன் யாராக இருந்தான் தெரியுமா என்று கேட்கத்தான் அன்றைய கூட்டமே. பத்துப் பக்கம் தமிழில் எழுதி, போட்டோகொப்பி எடுத்து, கதிரைக்கு ஒன்றாக வைத்திருந்தேன். விருந்தினரின் கதிரையிலும் இருந்தது. புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு அவமானம் ஒன்றும் புதிது இல்லை. ஆனால் என் வகுப்பில் மூன்று பிள்ளைகள் நான்கு மாதமாக ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தார்கள். மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும்போது பழைய மஸ்கெலியாக் கோவில் தலை காட்டுமே, அதற்குள் காவல் இருக்கும் ஒரு வாள்காரியின் கதை. போனில் படமாக எடுக்க இருந்தார்கள். ஞாயிறு அவர்களும் வந்திருந்தார்கள். திங்கட்கிழமை கொப்பியைக் கேட்டேன். “வேணாம் சேர், சிரிப்பாங்க” என்றாள் ஒருத்தி.

அந்த மூன்று பேரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். சனிக்கிழமை பத்து மணிக்கு என் வீட்டுக்கு வாருங்கள். கொப்பியை மறக்காமல் கொண்டு வாருங்கள். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது, கை நடுங்குகிறது, ஆனாலும் வாளுக்குத் தாள் ஒட்டித் தருகிறேன் என்கிறார். பலகைக்கு ஒரு பழைய தேயிலைப் பெட்டியைத் தேடிப் பிடித்துவிட்டேன். பசை நான் காய்ச்சி வைக்கிறேன்.