சொன்னபடி கேட்காத நாய்

ஊரிலிருந்து பேசும் உறவினர்கள் "ஹஸ்கி எப்படி இருக்கிறது?" என்றே இன்னும் விசாரிக்கிறார்கள். கனடாவின் எட்மண்டனில் எங்கள் வீட்டில் ஏழு ஆண்டுகளாக வளரும் நாய் ஹஸ்கி இனத்தவள் அல்லள், அலாஸ்கன் மாலமியூட். இலகுவான சுமையோடு விரைந்து ஓடுவது ஹஸ்கியின் வேலை. பனியில் கனத்த சறுக்குவண்டியை நெடுந்தூரம் நிதானமாக இழுப்பது மாலமியூட்டின் வேலை. அலாஸ்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்த மாலெமியூட் என்னும் இனுப்பியாட் பழங்குடி மக்களின் பெயரையே இவ்வினம் தாங்கியிருக்கிறது. பெண் நாயே சுமார் 34 கிலோ இருக்கும்.

இது சொன்னபடி கேட்காது என்று பலர் குறைப்படுகிறார்கள். உண்மைதான், ஆனால் அதைக் குறை என்று நான் ஒப்பமாட்டேன். வண்டியின் முன்னால் ஓடும் நாய், பின்னாலிருந்து மனிதன் விரட்டினாலும், மெலிந்த பனிக்கட்டியின் மேல் கால்வைக்க மறுக்க வேண்டும். மறுக்கத் தெரியாத நாயோடு அந்த நிலத்தில் பயணம் செய்தவர் வீடு திரும்பியிருக்க முடியாது. சென்ற மார்ச்சில், உறைந்த ஏரியின் கரையில் இவள் அசையாமல் உட்கார்ந்துகொண்டாள். கெஞ்சினேன், அதட்டினேன், கடைசியில் சுற்றுப்பாதையில் நடந்தேன். பனிக்கட்டி உண்மையிலேயே மெலிந்திருந்ததா என்று சோதிக்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

காவலுக்கு இவளை நம்ப முடியாது. திருடன் வந்தால் வாலாட்டி வரவேற்பாள். குரைப்பதும் அரிது, வேளைக்குச் சோறு வராவிட்டால் நீட்டி முழக்கி ஊளையிட்டு முறையிடுவாள். ஆண்டுக்கு இருமுறை உள்மயிர் கொத்துக்கொத்தாகக் கழன்று வரும்போது, ஒரே மாலையில் சீவி எடுப்பதிலேயே ஒரு குப்பைப் பை நிறைந்துவிடுகிறது. ரசத்தில் மிதக்கும் ஒன்றிரண்டு மயிரை நாங்கள் பேசாமல் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் பழகிவிட்டோம். கோடையில் மழித்துவிடலாமே என்று யோசனை சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வெயிலிலிருந்து தோலைக் காப்பதும் அதே மயிர்தான்.

இவளுக்கு வேண்டியது வேலை. பனிக்காலத்தில் மார்பில் சேணத்தைப் பூட்டி, சிறு சறுக்குவண்டியில் விறகை ஏற்றிவிட்டால், மைனஸ் 25 பாகையிலும் அவள் முகத்தில் தெரியும் நிறைவை வேறெப்போதும் நான் கண்டதில்லை. அந்த வேலையைக் கொடுக்கத் தவறிய வாரங்களில் தோட்டத்தில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டினாள், மரவேலியின் அடிப்பலகையைப் பெயர்த்தாள். அது அவள் தவறன்று, என் சோம்பல்.

சென்னையில் இருக்கும் அக்கா மகன், ஓநாய் போன்ற இந்தத் தோற்றத்தில் மயங்கி, தனக்கும் ஒரு குட்டி வேண்டும் என்கிறான். குளிரூட்டிய அறையில் வைத்துக்கொள்வானாம். தமிழ்நாட்டு அரசின் 2024 நாய் இனப்பெருக்கக் கொள்கை மாலமியூட்டின் இனப்பெருக்கத்துக்குத் தடை விதித்ததை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். குளிரூட்டி வெயிலுக்கு விடையானாலும், பகல் முழுதும் நான்கு சுவருக்குள் அந்தக் குட்டி எதை இழுக்கும் என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. ஜனவரியில் இங்கே வந்து இரண்டு வாரம் இவளோடு விறகு சுமக்கச் சொல்லியிருக்கிறேன்.