எண்ட் வேறு, எண்ட் அப் வேறு

போன வாரம் நண்பர் ஒருவர், வாடிக்கையாளருக்கு அனுப்ப எழுதி வைத்திருந்த மின்னஞ்சலை என்னிடம் காட்டினார். அதில் ஒரு வரி: 'த ப்ராஜெக்ட் எண்டட் அப் ஆன் ஃப்ரைடே.' வெள்ளிக்கிழமையோடு வேலை முடிந்தது என்று சொல்ல வந்திருக்கிறார். ஆனால் படிப்பவருக்கு அப்படிப் புரியாது. வேலை தள்ளிப் போய்ப் போய், கடைசியில் வெள்ளிக்கிழமையில் வந்து நின்றது என்றுதான் தோன்றும். அந்த 'அப்'பை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன். வரி நேராகிவிட்டது.

எண்ட் என்றால் முடிவது. கூட்டம் 5 மணிக்கு முடிந்தது என்பதற்கு எண்டட் போதும். எண்ட் அப் என்பது முடிவதைப் பற்றிய சொல்லே அல்ல. நினைத்தது ஒன்று, போய்ச் சேர்ந்தது வேறொன்று என்பதைச் சொல்ல வந்த சொல் அது. அதனால்தான் அது தனியாக நிற்காது. எங்கே, என்னவாக, என்ன செய்தபடி என்று பின்னால் ஏதாவது வந்தே ஆக வேண்டும்.

இந்தச் சொல்லை நமக்கு 'முடிவடைதல்' என்று பொருள் எழுதிக் கொடுத்துப் பழக்கியதில்தான் எனக்கு வருத்தம். தமிழில் இதற்கு அவ்வளவு அழகான வழிகள் இருக்கின்றன. 'பில்லை நான் கட்டினேன்' என்பதற்கும் 'கடைசியில் நானே கட்டும்படி ஆயிற்று' என்பதற்கும் உள்ள வித்தியாசம் யாருக்குத் தெரியாது? இரண்டாவதுதான் 'ஐ எண்டட் அப் பேயிங் த பில்.' படித்துக்கொண்டே இருந்தவர் 'அப்படியே தூங்கிப் போனேன்' என்கிறாரே, அந்தப் 'போனேன்' செய்கிற வேலையும் ஏறக்குறைய இதுதான். தூங்க வேண்டும் என்று உட்காரவில்லை, ஆனால் தூங்கியாயிற்று. பலன் கெட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. வேண்டா வெறுப்பாகத் திறந்த புத்தகம் பிடித்துப் போய்விட்டால், அதற்கும் 'ஐ எண்டட் அப் லைக்கிங் இட்' என்றே சொல்லலாம்.

அப்புறம் இலக்கணம். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 'எண்டட் அப் டு பே' என்று எழுதுகிறார்கள். காரணம் புரிகிறது. 'கட்ட வேண்டியதாயிற்று' என்று மனதில் ஓடுகிறது, 'கட்ட' என்றதுமே கை 'டு பே' என்று எழுதிவிடுகிறது. ஆனால் எண்ட் அப்புக்குப் பின்னால் வினைச்சொல் வந்தால் அது இங் சேர்ந்தே வரும்: பேயிங், வெயிட்டிங், ஸ்லீப்பிங். நடுவில் டு கிடையாது. 'எண்டட் அப் வித் பேயிங்' என்றும் எழுத வேண்டாம். வித் வருவது கையில் மிஞ்சிய பொருளைச் சொல்லும்போது: ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு டிக்கெட் சேர்ந்துவிட்டால், எண்டட் அப் வித் டூ டிக்கெட்ஸ். இடம் என்றால் பெரும்பாலும் இன் அல்லது அட். வேலை, பதவி என்றால் ஆஸ்.

எதிர்மறையில் ஒரு நுணுக்கம், எனக்கு மிகவும் பிடித்தது. 'ஐ எண்டட் அப் நாட் கோயிங்' என்றால் போகாமலே இருந்துவிட்டேன். 'ஐ டிடின்ட் எண்ட் அப் கோயிங்' என்றால் கடைசியில் போகவில்லை. இரண்டும் சரி. நடந்தது ஒன்றேதான். ஆனாலும் முதலாவதில் போகாமல் இருந்துவிட்டதே பெரிய விஷயமாகத் தெரிகிறது. இரண்டாவதில், போவதாக இருந்தேன் என்பது இன்னும் கொஞ்சம் காதில் விழுகிறது.