கில்காலின் 12 கற்கள் கும்பிடுவதற்காக நாட்டப்பட்டவை அல்ல

"யோசுவா கில்காலில் 12 கற்களை நாட்டியது கும்பிடுவதற்குத்தான், வீட்டிலும் அப்படி வைத்தால் ஆசீர்வாதம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. யோசுவா, பைபிளில் இஸ்ரவேல் மக்களை வழிநடத்திய தலைவர்; கில்கால், அவர்கள் யோர்தான் ஆற்றைக் கடந்து வந்து தங்கிய இடம்.

பைபிளில் யோசுவா புத்தகத்தின் 4-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யோர்தானின் நடுவில் ஆசாரியர்களின் கால்கள் நின்ற இடத்திலிருந்து, கோத்திரத்துக்கு ஒருவராக 12 பேர் ஆளுக்கொரு கல்லைத் தோளில் தூக்கி வந்தார்கள். எதற்கு? பின்னாளில் பிள்ளைகள் 'இது என்ன கல்?' என்று கேட்டால், ஆற்றுத் தண்ணீர் நின்று வழிவிட்டதைப் பெற்றோர் சொல்வதற்கு. அந்த அதிகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடமே இந்தக் கேள்விதான். 6, 7, 21 முதல் 24 வரையிலான வசனங்களைப் படித்தாலே போதும். அப்புறம், கல்லை நாட்டி வணங்குவதை பைபிளின் இன்னொரு புத்தகமான லேவியராகமம் 26:1 நேரடியாகவே தடுக்கிறது.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.