இடம் சொல்ல மாட்டேன்

போன வாரம் நான் போட்ட ஏரிக்கரைப் படத்தின் கீழே நடந்த வாக்குவாதத்தை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். ஆகவே முழுக் கதையையும் மறுபடி சொல்லவில்லை. இடத்தின் பெயரைச் சொல்ல மறுத்தேன். பின்னணியில் தெரிந்த பாறையை வைத்து ஒருவர் இடத்தைக் கண்டுபிடித்து, வரைபடக் குறியோடு காணொளியாக வெளியிட்டார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அங்கே கூட்டம். இவ்வளவுக்கும் பிறகு, 'இயற்கையைத் தன் சொத்தாக நினைக்கிற ஆள்' என்ற பட்டம் எனக்குத்தான் கிடைத்திருக்கிறது. பதில் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். திங்கட்கிழமை காலையில் அங்கே போய்வந்த பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். பறவைகள் கூடு வைத்திருக்கும் காலத்தில், அந்த இடத்தின் துல்லியமான குறியைப் பொதுவெளியில் போடாதீர்கள். ஏரிக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. படம் எடுக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்கிற இடத்தில், விரலால் தொட்டால் வழிகாட்டுகிற அந்தக் குறியைப் போடாதீர்கள் என்று மட்டும்தான் சொல்கிறேன். இதில் என்ன ஆணவம் இருக்கிறது என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

அந்தப் படத்தோடு நான் எழுதியிருந்தது ஆட்காட்டிப் பறவையைப் பற்றி. ஆட்காட்டி மரத்தில் கூடு கட்டுவதில்லை. திறந்த வெளியில், தரையில் காலால் லேசாகக் கீறி ஒரு பள்ளம் செய்து, சில கூழாங்கற்களைச் சுற்றிலும் வைத்து, அதில் மூன்று அல்லது நான்கு முட்டை இடும். மண்நிறத்தில் கரும்புள்ளிகள் தெளித்த முட்டைகள். ஒரு முழம் தள்ளி நின்றாலும் கல்லா முட்டையா என்று தெரியாது. ஏறக்குறைய நான்கு வாரம் ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். வெயில் ஏறினால் அடைகாப்பது என்பது சூடேற்றுவது அல்ல, சூட்டைத் தணிப்பது. பறவை தண்ணீரில் இறங்கி, வயிற்றுச் சிறகுகளை நன்றாக நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டைகளின் மேல் உட்காரும். அந்த ஈரமும் அந்த நிழலும்தான் முட்டைக்குள் இருக்கும் உயிரைக் காப்பாற்றுகின்றன.

இப்போது அந்தக் கரையில் உச்சி வெயிலில் ஒரு கூட்டம் வந்து நிற்பதை நினைத்துப் பாருங்கள். யாரும் கல்லெறிய வேண்டியதில்லை, யாரும் மிதிக்கவும் வேண்டியதில்லை. பறவை கத்திக்கொண்டே தலைக்கு மேல் வட்டமிடும். வந்தவர்கள் அதையும் படம் பிடிப்பார்கள். அவர்கள் நகரும்வரை அது கூட்டுக்குத் திரும்பாது. காய்ந்த தரையில் முட்டைகள் வெயிலில் கிடக்கும். 'நாங்கள் எதையும் தொடவே இல்லையே' என்று அந்தக் காணொளியில் சொல்லப்படுகிறது. தொடவில்லை என்பதை நான் நம்புகிறேன். தொட வேண்டிய அவசியமே இல்லை என்றுதான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை நான் பார்த்தது: ஈரச் சேற்றில் டயர் தடங்கள், ஒரு தண்ணீர் பாட்டில், கூழாங்கற்கள் அப்படியே இருக்கும் வெறும் பள்ளம். முட்டைகளைக் காணவில்லை. யாரோ எடுத்தார்கள் என்று பழி போட மாட்டேன், காகம் தூக்கியிருக்கலாம். ஆனால் இந்தப் பறவைகள் கரையில் இருக்கும்போது காகம் அந்தப் பக்கம் எளிதில் வராது, சேர்ந்து துரத்தி அடித்துவிடும். அவை கரையில் இல்லாத இரண்டு நாள்கள் எந்த நாள்கள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

'தொழில்நுட்பத்துக்கு எதிரி' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது எனக்கு உண்மையிலேயே வலித்தது, ஏனென்றால் கைப்பேசி இல்லாமல் நான் வெளியே நடப்பதில்லை. பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியில் அந்த வசதி 2021-இல் வந்தபோது சிறுபிள்ளை போல மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவர். பார்த்தவற்றை, பறவைப் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்ட் தளத்தில் பதிகிறேன். 2000 மே மாதத்தில் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் அலைகளில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை நீக்கும்வரை, பொதுமக்களின் கருவியில் ஓர் இடம் நூறு மீட்டர் வரை தள்ளித் தெரிந்தது. இன்று ஓர் இடத்தைச் சில மீட்டருக்குள் காட்டுகிறது. இந்தத் துல்லியம் எவ்வளவு பயனுள்ளதோ அவ்வளவு ஆபத்தானது என்று சொன்னால் அது எதிர்ப்பாகிவிடுமா? உடற்பயிற்சிச் செயலி நடத்தும் ஸ்ட்ராவா நிறுவனம் உலகம் முழுவதும் ஓடுபவர்களின் தடங்களைச் சேர்த்து ஒரு வரைபடமாக வெளியிட, 2018 ஜனவரியில் அதிலிருந்து ராணுவ முகாம்களின் உருவமே தெரிந்தது உலகச் செய்தியானது. காவல் போட்ட ராணுவத்தின் நிலையே அது என்றால், தரையில் கூடு வைத்த பறவையின் நிலை என்ன?

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இடத்தை மறைப்பது ஏதோ என் சொந்தப் பைத்தியம் என்று நினைப்பவர்கள், இந்தச் செயலிகளே என்ன செய்கின்றன என்று பாருங்கள். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அழிவின் விளிம்பில் இருக்கும் ஓர் உயிரினத்தை நீங்கள் பதிந்தால், உண்மையான இடத்தைக் காட்டாமல் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் அகலமுள்ள சதுரத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியைத்தான் பிறருக்குக் காட்டும். இ-பேர்டும் 2017 முதல் ஆபத்திலுள்ள சில பறவைகளின் இடத்தை மறைக்கிறது. தொழில்நுட்பத்தை உருவாக்கியவர்களே திரை போட்டிருக்கிறார்கள். ஏன் என்றால், அனுபவம் அப்படி. சீனாவின் குகைப்பகுதியில் வாழும் ஒரு பல்லியை 1999-இல் விஞ்ஞானிகள் முதன்முதலாக விவரித்து எழுதினார்கள். இடமும் கட்டுரையில் இருந்தது. வளர்ப்புப் பிராணி வியாபாரிகள் அந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டே போய் அவற்றைப் பிடித்தார்கள். அதன் பிறகு அந்தப் பல்லிக் குடும்பத்தில் புதிய இனங்களை விவரித்தவர்கள் இடத்தைக் குறிப்பிடாமலேயே எழுதத் தொடங்கினார்கள். டேவிட் லிண்டன்மேயர், பென் ஷீல் என்ற இரு ஆஸ்திரேலியச் சூழலியலாளர்கள் 2017-இல் சயன்ஸ் இதழில், அரிய உயிரினங்களின் இருப்பிடத்தை வெளியிடுவதை நிறுத்துங்கள் என்று தம் சக விஞ்ஞானிகளிடமே கேட்டுக்கொண்டார்கள். அவர்களையும் ஆணவம் பிடித்தவர்கள் என்பீர்களா?

'அப்படியானால் இயற்கை யாருக்கு? உன்னைப் போல நேரமும் வசதியும் உள்ளவர்களுக்கு மட்டுமா?' என்ற கேள்விதான் இருப்பதிலேயே கனமானது. அதை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் எனக்கு இந்த ஏரியைக் காட்டிய என் மாமாவுக்கு வாழ்நாளில் ஒரு வண்டி கிடையாது. நடந்தே போனார், நடக்க வைத்தே கூட்டிப் போனார். முதல் முறை போனபோது ஆட்காட்டி எங்கள் தலைக்கு மேல் கத்தித் தீர்த்தது. நான் கூட்டைத் தேடிக் கிளம்பினேன். "சும்மா உக்காரு. அதுவா நம்மள மறக்கட்டும்" என்றார். உட்கார்ந்தோம். நெடுநேரம் கழித்து அது தூரத்தில் இறங்கியது. நேராகக் கூட்டுக்குப் போகவில்லை. நாலடி ஓடும், நிற்கும், திரும்பிப் பார்க்கும், வேறு பக்கம் நாலடி ஓடும். கடைசியில் எதுவுமே இல்லாத ஒரு வெறுந்தரையில் நின்று, வயிற்றுச் சிறகுகளை உப்பி, மெதுவாக அமர்ந்தது. எழுந்து கிட்டே போகலாமா என்று கேட்டேன். "பாத்தாச்சுல்ல? கிளம்பு" என்றார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேரை அவர் அப்படிக் கூட்டிப் போயிருக்கிறார். காசு கேட்டதில்லை, யார் எவர் என்று பார்த்ததில்லை. அவர் கேட்டது பொறுமையை மட்டும்தான். அதைக் கேட்பது வசதி படைத்தவர்களின் அதிகாரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாமாவால் இப்போது நடக்க முடியாது. போனில் பேசும்போதெல்லாம் ஆட்காட்டி முட்டையிட்டதா என்று கேட்பார். இந்த வாரம் அவருடைய அழைப்பை நான் எடுக்கவில்லை.

வெளியில் இருப்பது உடம்புக்கும் மனதுக்கும் நல்லது, அதைப் பரப்புவதைத் தடுக்கலாமா என்று இன்னொரு வாதம். நல்லதுதான், யார் மறுத்தார்கள்? இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் திரட்டிய தகவலை வைத்து 2019-இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. அதை ஒரே மூச்சில் கழித்தாலும் சிறிது சிறிதாகக் கழித்தாலும் வேறுபாடு இல்லை. இதற்குக் காணொளியில் வந்த ஏரிதான் வேண்டும் என்பதில்லை. உங்கள் தெருமுனையில் இருக்கும் பூங்கா போதும். அங்கே நடக்க யாரிடமும் 'லொகேஷன் ப்ளீஸ்' என்று கேட்க வேண்டியதில்லை.

பார்த்தால்தான் நேசிப்பார்கள், நேசித்தால்தான் காப்பாற்றுவார்கள் என்கிறார்கள். 2019-இல் கலிபோர்னியாவின் வாக்கர் பள்ளத்தாக்கில் மலர்ந்த பாப்பி மலர்களை மிதித்தவர்களும் அவற்றை நேசித்துத்தான் வந்தார்கள். பூக்களின் மேலேயே படுத்துப் படம் எடுத்தார்கள். 2023-இல் மீண்டும் பூத்தபோது அந்தப் பள்ளத்தாக்கையே மூடிவிட்டார்கள். தாய்லாந்தின் மாயா கடற்கரைக்கு ஒரு நாளில் 5,000 பேர் வரை வந்து, பவளப்பாறைகள் நாசமான பிறகு, 2018 ஜூனில் நான்கு மாதம் என்று மூடப்பட்ட அந்தக் கரை 2022 ஜனவரியில்தான் திறந்தது. ஆளில்லாத காலத்தில் கருமுனைச் சுறாக்கள் தாமாகவே திரும்பி வந்திருந்தன. ஆக, நேசம் என்ற சொல்லை வைத்து என்னை மடக்காதீர்கள்.

காணொளி போட்டவருக்கு அதுதான் பிழைப்பு என்பவர்களுக்கு: அவர் காணொளி போடட்டும், குறியை விட்டுவிடட்டும், பார்வை ஒன்றும் குறையாது. பிறகு ஏன் படம் போட்டாய் என்பவர்களுக்கு: பார்த்ததைச் சொல்வது என் உரிமை. பாறையை வைத்துத் துப்பறிவது அவர் தேர்ந்தெடுத்த வேலை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

என்னை வருத்துவது உண்மையில் வேறொன்று. வலைப்பூ எழுதிய காலத்தில் ஒரு நடையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோம். வாசித்தவர்கள் இரண்டு நாள் கழித்து வந்து, 'நீங்கள் சொன்ன குரலை நானும் கேட்டேன்', 'அது கொக்கு அல்ல, மடையான்' என்று எழுதுவார்கள். சண்டையும் நடக்கும், ஆனால் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் சண்டை. போன வாரப் பதிவில் அந்தப் பறவை வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்ததைப் பற்றி நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்து எழுதினேன் என்பது எனக்குத் தெரியும். கீழே வந்த கேள்விகளில் ஒன்றுகூடப் பறவையைப் பற்றியது அல்ல. எந்த ஊர், எப்படிப் போவது, வண்டி கரைவரை போகுமா என்பவைதான். படத்தை மட்டும் பார்த்திருக்கிறார்கள். படித்திருந்தால் வண்டியைக் கரையில் இறக்கியிருக்க மாட்டார்கள் என்று இப்போதும் நம்புகிறேன். அந்த நம்பிக்கை இல்லையென்றால் இதையும் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நண்பர்கள் பட்டியலிலிருந்து சிலர் விலகிவிட்டார்கள். பரவாயில்லை. இடம் கேட்டு வரும் உள்பெட்டிச் செய்திகளுக்கு இனிமேலும் பதில் வராது. நேரில் என்னோடு நடக்க விரும்புகிறவர்கள் எழுதுங்கள், முட்டைக் காலம் முடிந்ததும் போவோம்.

காணொளி போட்ட நண்பருக்கு ஒரு வேண்டுகோள். முதல் முட்டைகளை இழந்த ஆட்காட்டிகள் அதே பருவத்தில் மறுபடி முட்டையிடுவது உண்டு. திங்கட்கிழமை நான் கிளம்பும்போது அந்த இரண்டும் கரையில்தான் இருந்தன. உங்கள் காணொளி இருக்கட்டும்; என்னைப் பற்றி நீங்கள் சொன்னவையும் அதில் அப்படியே இருக்கட்டும். வரைபடக் குறியை மட்டும் இந்தச் சனிக்கிழமைக்குள் எடுத்துவிடுங்கள்.